பைத்தான் ஆவணத்தில் சொல்லையும் இணைப்பையும் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் தவறான வாக்கியத்தையோ, தவறான இடத்துக்குப் போகும் இணைப்பையோ கண்டால் அதை எப்படிச் சரிசெய்வது என்பது பற்றிய பக்கம் இது. கட்டளைகளும் குறிகளும் உச்சரிப்பாகத் தமிழில் தரப்பட்டுள்ளன. கோப்பில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஆவணத்தின் மூலம் எங்கே இருக்கிறது?

கிட்ஹப் தளத்தில், பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் களஞ்சியத்துக்குள், மொழியின் சி நிரலோடு சேர்ந்தே, 'டாக்' என்ற கோப்புறையில் இருக்கிறது. அதற்குள் டுடோரியல், லைப்ரரி, ரெஃபரன்ஸ், சி-ஏபிஐ, ஹவ்டு, வாட்ஸ்நியூ என்று பிரிவுகள் உண்டு. எல்லாமே ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய குறியீட்டு வடிவில் எழுதப்பட்ட கோப்புகள். ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி அவற்றை இணையப் பக்கங்களாக மாற்றுகிறது. இந்தக் கருவி 2008-இல் வெளிவந்தது. பைத்தான் ஆவணத்தை லேடெக் என்ற அச்சமைப்பு வடிவத்திலிருந்து மீட்பதற்காகவே எழுதப்பட்டது.

ஒரு பக்கத்தின் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். பக்கவாட்டில் 'ஷோ சோர்ஸ்' என்ற இணைப்பைச் சொடுக்கினால் நேராக அங்கே போய்விடலாம். பெப் எனப்படும் மொழி மேம்பாட்டு முன்மொழிவுகளும், பங்களிப்பாளர்களுக்கான டெவ்கைடு என்ற வழிகாட்டியும் வேறு களஞ்சியங்களில் இருக்கின்றன. முழு இலக்கணப் பக்கத்தில் வரும் விதிகள், நிரலைப் பகுத்துப் படிக்கும் பார்சரின் இலக்கணக் கோப்பிலிருந்து எடுக்கப்படுபவை. அவற்றை ஆவணத் திருத்தமாகக் கருதித் தொடக்கூடாது.

ஒரே ஒரு எழுத்துப் பிழைதான். அதற்கும் இஷ்யூ (சிக்கலைத் தெரிவிக்கும் பதிவு) திறக்க வேண்டுமா?

வேண்டாம். நேராகப் புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பலாம். இஷ்யூ தேவையில்லை, நியூஸ் பதிவு (மாற்றப் பட்டியலுக்கான குறிப்பு) தேவையில்லை என்று குறிக்கும் லேபிள்களைப் பராமரிப்பவர்கள் ஒட்டிவிடுவார்கள். திருத்தத்தால் வாக்கியத்தின் பொருள் மாறுமென்றால் மட்டும் முதலில் இஷ்யூ திறந்து, இப்போது என்ன எழுதியிருக்கிறது, நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வாக்கியம் தவறு என்று எப்படி உறுதி செய்வது?

ஓட்டிப் பாருங்கள். அதுவும் உங்கள் கணினியில் இருக்கும் பழைய பதிப்பில் அல்ல, வளர்ச்சி நடக்கும் 'மெயின்' கிளையிலிருந்து கட்டிய பைத்தானில். சொல் திருத்தமும் மொழியைப் பற்றிய ஒரு கூற்றுதான். ஆகவே அதற்கும் சோதனை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. சரத்தில் (ஸ்ட்ரிங்) 'இஸ்டிஜிட்' என்ற மெத்தட் உண்மை என்று சொன்னால் அதை 'இன்ட்'டுக்குக் கொடுத்து எண்ணாக மாற்றலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வரி சேர்க்கிறார். '௧௨' என்ற தமிழ் இலக்கங்களைக் கொடுங்கள்: இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமெரிக் மூன்றும் உண்மை, இன்ட் 12 என்று தருகிறது. இதுவரை வரி சரி. இப்போது மேலே சிறிதாக எழுதும் '²' குறியைக் கொடுங்கள். இஸ்டிஜிட் உண்மை, இஸ்டெசிமல் பொய், இன்ட் வேல்யூஎர்ரர் என்ற விதிவிலக்கை (பிழை) எழுப்புகிறது. தமிழ்ப் பத்தின் குறியான '௰' இன்னொரு வகை: இஸ்நியூமெரிக் மட்டும் உண்மை. ஆக அந்த வரி தவறு.

சரி, இஸ்டிஜிட்டை எடுத்துவிட்டு இஸ்டெசிமல் என்று போடலாமா? அதுவும் முழுதும் உண்மையில்லை. சரத்திலிருந்து முழு எண்ணாக்கும்போது இயல்பாக 4300 இலக்கங்கள் என்ற வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் அதே வேல்யூஎர்ரர். "எப்போதும்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததாலேயே கூற்று பொய்யாகும் இடம் இது. 'எப்போதும்', 'எல்லா', 'மட்டும்' ஆகிய மூன்றும் திருத்தத்தில் வந்தால் எதிர் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடிய பிறகே அனுப்புங்கள்.

ஓட்டிப் பார்த்த பின் 'லிப்' கோப்புறையில் உள்ள 'டெஸ்ட்' பகுதியையும் திறந்து பாருங்கள். நிரல் செய்வதை ஒரு சோதனை உறுதிப்படுத்துகிறது என்றால் ஆவணத்தைத் திருத்த வேண்டும். சோதனை எதுவும் இல்லை, ஆவணம் பல பதிப்புகளாக ஒரு வாக்குறுதி கொடுத்துவருகிறது என்றால் வழு நிரலிலேயே இருக்கலாம். அப்போது ஆவணத்தை மாற்றினால் ஒரு வழுவை மறைத்ததாகிவிடும். இஷ்யூவில் கேளுங்கள்.

நான் பார்த்தது சிபைத்தானில் மட்டும் நடக்கும் விஷயமாக இருந்தால்?

அதற்கென்று 'இம்ப்ளிமென்டேஷன் டீடெயில்' என்ற தனி டைரக்டிவ் (ஒரு பகுதியைத் தனிப் பெட்டியாகக் குறிக்கும் கட்டளை) இருக்கிறது. 'ஐடி' ஃபங்ஷன் பொருளின் நினைவக முகவரியைத் தருகிறது என்ற செய்தி அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. மொழி உறுதியளிப்பது அந்தப் பொருள் உயிரோடிருக்கும் வரை எண் மாறாது, வேறெதற்கும் வராது என்பதை மட்டுமே. வாசிப்பு எளிதாகட்டும் என்று அந்த முகவரிச் செய்தியை வெளியே இழுத்துப் பொதுப் பத்தியில் சேர்த்தால், பைபை போன்ற மற்ற செயலாக்கங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை என்று பொருளாகிவிடும்.

ஒரே பொருள்போலத் தோன்றும் சொற்களை மாற்றி எழுதலாமா?

கலைச்சொல் என்றால் கூடாது. கூறியது கூறல் குற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே அந்த விதி பொருந்தாது. ஒரே பொருளுக்கு ஒரே சொல், பத்து முறை வந்தாலும் சரி.

எது கலைச்சொல் என்று தெரிந்துகொள்ளக் குளோசரி பக்கத்தைப் பாருங்கள். 'பாராமீட்டர்' என்பது ஃபங்ஷனின் வரையறையில் உள்ள பெயர். 'ஆர்க்யுமென்ட்' என்பது அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு. 'இட்டரபிள்' என்பது சுற்றிவர இடம்தரும் எதுவும். 'இட்டரேட்டர்' என்பது 'நெக்ஸ்ட்' கேட்டால் அடுத்த உறுப்பைத் தருவது. லிஸ்ட் முன்னது, பின்னது அல்ல. பைத்தானில் விதிவிலக்கை 'ரெய்ஸ்' செய்வார்கள். வேறு மொழிப் பழக்கத்தில் 'த்ரோ' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும் சொல் 'கேரக்டர்'. பைத்தான் சரம் யூனிகோட் கோட்பாயின்ட்களின் (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தரும் எண்) வரிசை என்றுதான் ஆவணம் வரையறுக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. 'லென்' சொல்வது 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து கோட்பாயின்ட்கள். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே வெட்டுவது, நீளம் அளப்பது, திருப்பிப்போடுவது பற்றிய வாக்கியங்களில் 'கேரக்டர்' என்பது வாசகரைத் தவறாக வழிநடத்துமென்று நினைத்தால், இந்த எடுத்துக்காட்டோடு இஷ்யூ திறப்பது பயனுள்ள வேலை. ஆனால் 'கேரக்டர்' வரும் இடமெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். இஸ்டிஜிட் போன்ற மெத்தட்களின் விளக்கத்தில் யூனிகோட் வகைப்பாட்டைச் சொல்லும்போது அந்தச் சொல் பொருந்தியே இருக்கிறது.

ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி அல்ல. திருத்தலாமா?

தாராளமாக. இந்த ஆவணத்தைப் படிப்பவர்களில் பெரும்பகுதியினர் உங்களைப் போன்றவர்களே. இரண்டு முறை படித்தும் 'இட்' எதைக் குறிக்கிறது என்று தெரியாத வாக்கியம் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். அங்கே செய்ய வேண்டியது சிறியது: 'இட்' இருந்த இடத்தில் பெயரையே போடுங்கள்.

இலக்கணத்தில் சரியாக இருக்கும் வாக்கியத்தை உங்கள் காதுக்கு இனிமையாக்குவது மட்டும் திருத்தமாக ஏற்கப்படாது. "இன்னும் தெளிவாக்கினேன்" என்பதைக் காரணமாக எழுதாமல், யார் எதை எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வரவில்லையென்றால் பழைய வாக்கியத்தையே விட்டுவிடலாம்.

ஒற்றை பேக்டிக்குக்குள் (` குறி) எழுதினேன். ஏன் குறை சொல்கிறது?

மார்க்டவுன் பழக்கம். இங்கே நிரல் துண்டுக்கு இரட்டை பேக்டிக். பாராமீட்டர் பெயருக்கு இருபுறமும் ஒரு நட்சத்திரக்குறி. இணைப்பு வேண்டுமென்றால் முன்னால் ரோல், அதாவது எந்த வகைப் பெயர் என்று சொல்லும் குறி: ஃபங்ஷனுக்கு `:ஃபங்க்:`, மெத்தட்டுக்கு `:மெத்:`, கிளாஸுக்கு `:கிளாஸ்:`, விதிவிலக்குக்கு `:எக்ஸ்சி:`, குளோசரிச் சொல்லுக்கு `:டெர்ம்:`, பெப் எண்ணுக்கு `:பெப்:`. ரோலுக்கும் பேக்டிக்குக்கும் நடுவே இடைவெளி விட்டால் இணைப்பு உருவாகாது. நீங்கள் தட்டியது அப்படியே பக்கத்தில் அச்சாகும். இரண்டாவது கோலனை மறந்தாலும் அதே கதி.

இணைப்பு உண்டாகிறது, ஆனால் வேறு பக்கத்துக்குப் போகிறது. ஏன்?

ஸ்ஃபிங்க்ஸ் ஒரு பெயரைத் தேடும் வரிசைதான் காரணம். முதலில் நீங்கள் எழுதிய பெயரை அப்படியே தேடும். கிடைக்காவிட்டால் நடப்பு மாட்யூலின் பெயரை முன்னால் சேர்த்துத் தேடும். அதன்பின் மாட்யூல், கிளாஸ் இரண்டையும் சேர்த்துத் தேடும்.

'கோடெக்ஸ்' மாட்யூலின் பக்கத்தில் `:ஃபங்க்:` ரோலில் வெறுமனே 'ஓப்பன்' என்று எழுதினால் அது மொழியோடு உள்ளமைந்த ஓப்பனுக்கே போகும். பக்கம் கோடெக்ஸுடையது, பத்தி கோடெக்ஸின் ஓப்பனைப் பற்றியது என்பதெல்லாம் கணக்கில் வராது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் தேடும் வரிசை தலைகீழாகும். அப்போது கோடெக்ஸின் ஓப்பன் கிடைக்கும். மாட்யூல் பெயரோடு முழுதாக எழுதுவது இன்னும் பாதுகாப்பு. முழுப்பெயர் நீளமாகத் தெரிகிறதென்றால் முன்னால் `~` போடுங்கள்; இணைப்பு முழுப்பெயருக்குப் போகும், பக்கத்தில் கடைசித் துண்டு மட்டும் தெரியும்.

இந்த வகைப் பிழைக்கு எந்த எச்சரிக்கையும் வராது. இணைப்பு இருக்கிறது, இலக்கும் இருக்கிறது, கருவிக்கு அதுபோதும். சொடுக்கிப் பார்க்கும் மனிதர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். அதனால் நீங்கள் தொட்ட ஒவ்வோர் இணைப்பையும் கட்டிய பக்கத்தில் ஒருமுறை சொடுக்குங்கள்.

தலைப்புக்கு இணைப்பு கொடுப்பது எப்படி?

தலைப்புக்கு மேலே லேபிள் வைக்க வேண்டும்: இரண்டு புள்ளி, இடைவெளி, கீழ்க்கோடு, லேபிள் பெயர், கோலன். பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் தலைப்பு. வேறெங்கிருந்தும் `:ரெஃப்:` ரோலில் அந்தப் பெயரை, முன்னால் உள்ள கீழ்க்கோடு இல்லாமல், எழுதினால் தலைப்பின் சொற்களே இணைப்பின் சொற்களாக வரும். லேபிள் ஒரு தலைப்புக்கு முன் அல்லாமல் சாதாரணப் பத்திக்கு முன் இருந்தால் ஸ்ஃபிங்க்ஸுக்கு எடுத்துக்கொள்ளச் சொற்கள் இராது. அப்போது காட்ட வேண்டிய சொற்களை நீங்களே எழுதி, லேபிளைக் கோண அடைப்புக்குள் வையுங்கள்.

லேபிள் முழு ஆவணத்துக்கும் பொதுவானது. 'எக்ஸாம்பிள்ஸ்' என்று வைத்தால் எங்கோ இன்னொரு பக்கத்தோடு மோதும். மாட்யூல் பெயரை முன்னொட்டாகச் சேர்த்து வைப்பதே வழக்கம்.

தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

வெளியிலிருந்து வரும் இணைப்புகள். தலைப்பின் சொற்களிலிருந்தே முகவரியின் வால்பகுதி உருவாகிறது. சொல் மாறினால் வால் மாறும். பழைய முகவரியோடு வருபவர் பக்கத்தின் உச்சியில் போய் நிற்பார். தலைப்புக்கு மேலே லேபிள் இருந்தால் அதுவும் ஒரு வாலாக இருக்கும், தலைப்பு மாறினாலும் அது மாறாது. எனவே தலைப்பைத் தொடுகிறீர்களென்றால் லேபிளை மட்டும் தொடாதீர்கள், லேபிள் இல்லையென்றால் பழைய வாலின் பெயரிலேயே ஒரு லேபிளைச் சேருங்கள்.

ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களின் நிலையும் இதுதான். வேறு திட்டங்களின் ஆவணங்கள் பைத்தான் ஆவணத்தின் பெயர்ப்பட்டியல் கோப்பைத் தரவிறக்கி, அதன்வழியே தங்கள் இணைப்புகளைக் கட்டிக்கொள்கின்றன. ஒரு பெயரின் வரையறையை நீக்கி வெறும் பத்தியாக்கினால் நம் பக்கத்தில் ஒன்றும் உடையாது, அவர்களுடைய கட்டுமானத்தில் எச்சரிக்கை வரும்.

கட்டிப் பார்ப்பது எப்படி?

'டாக்' கோப்புறைக்குள் போய் முதலில் 'மேக் வெனவ்', பிறகு 'மேக் எச்டிஎம்எல்'. முதல் கட்டளை தேவையான கருவிகளைத் தனிச் சூழலில் நிறுவும். விளைவு 'பில்ட்' கோப்புறைக்குள் 'எச்டிஎம்எல்' என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸில் அதே கோப்புறையில் உள்ள மேக் பேட்ச் கோப்பு இந்த வேலையைச் செய்யும். முதல்முறை எல்லாப் பக்கங்களையும் கட்டுவதால் நேரம் எடுக்கும். அடுத்தமுறை மாறிய பக்கங்களை மட்டுமே தொடும். 'மேக் செக்' என்பது ஸ்ஃபிங்க்ஸ்-லின்ட்டை ஓட்டி, வரிக்கடைசி இடைவெளி, அரைகுறை ரோல், ஒற்றை பேக்டிக் போன்றவற்றைப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: `:ரெஃப்:` லேபிள் தவறென்றால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கும். `:ஃபங்க்:`, `:மெத்:` போன்றவற்றில் பெயரைத் தவறாக எழுதினால் இயல்பு நிலையில் வாயே திறக்காது. பெயரை நிரல் எழுத்தில் காட்டிவிட்டு இணைப்பில்லாமல் விட்டுவிடும். பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். 'நிட்பிக்கி' கொடியை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக்குறி) கொடுத்துக் கட்டினால்தான் "இலக்கு கிடைக்கவில்லை" என்று சொல்லும். கிட்ஹப்பில் ஓடும் தானியங்கிச் சோதனை அந்தக் கொடியோடுதான் ஓடுகிறது.

பழைய எச்சரிக்கைகள் இன்னும் தீராத கோப்புகளின் பட்டியல் 'டாக்' கோப்புறையின் 'டூல்ஸ்' பகுதியில் 'நிட்இக்னோர்' என்ற கோப்பில் இருக்கிறது. அதில் இல்லாத கோப்பில் புதிய எச்சரிக்கை வந்தால் சோதனை தோற்கும். பட்டியலில் உள்ள ஒரு கோப்பை நீங்கள் முழுதும் சுத்தம் செய்துவிட்டால் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி சோதனையே கேட்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு இந்தப் பட்டியலைவிட நல்ல இடம் கிடையாது.

நீக்கப்பட்ட ஒன்றைப் பற்றிய பழைய இணைப்பை என்ன செய்வது?

பெப் 594-இன்படி 3.13-இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் உட்பட 19 மாட்யூல்கள் நீக்கப்பட்டன. 'வாட்ஸ்நியூ' பக்கங்களில் அவற்றின் ஃபங்ஷன்களைப் பற்றிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன, இருக்கவும் வேண்டும், அவை வரலாறு. வாக்கியத்தை அழிக்காமல் பெயருக்கு முன்னால் `!` மட்டும் போடுங்கள். ரோல் இருக்கும், எழுத்து வடிவம் இருக்கும், இணைப்பு முயற்சி மட்டும் நின்றுவிடும்.

ஆனால் பெயரைத் தவறாக எழுதியதால் வரும் எச்சரிக்கையையும் இந்தக் குறியால் வாயடைத்துவிடலாம் என்பதால் பலர் அவசரத்தில் அப்படிச் செய்கிறார்கள். முதலில் இலக்கு உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். ஆவணமே எழுதப்படாத பொதுப் பெயராக இருந்தால் அதை எழுதுவதுதான் உண்மையான திருத்தம்.

எல்லாப் பெயருக்கும் இணைப்பு கொடுத்தால் நல்லதுதானே?

இல்லை. ஒரு ஃபங்ஷனின் விளக்கத்துக்குள் அதே ஃபங்ஷனுக்கு இணைப்பு தருவது வாசகரை நின்ற இடத்திலேயே நிறுத்தும். ஒரு பத்தியில் ஒரே பெயர் நான்கு முறை வந்தால் முதல் முறை போதும்.

பத்தியை ஒழுங்காக மடித்து எழுதலாமா?

ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் பத்தி முழுவதையும் மறுபடி மடித்தால், சரிபார்ப்பவர் கண்ணுக்கு எட்டு வரிகளும் மாறியதாகத் தெரியும். வரிக்கு 80 எழுத்து என்பது வழிகாட்டி. ஒரு வரி கொஞ்சம் குட்டையாக நிற்பதில் தவறில்லை. அனுப்பும் முன் கிட் டிஃப்பை 'வேர்ட்-டிஃப்' கொடியோடு பாருங்கள். நீங்கள் மாற்ற நினைத்ததைத் தவிர வேறு சொல் நிறம் மாறியிருந்தால் அதைத் திரும்ப எடுங்கள். உள்தள்ளல் மூன்று இடைவெளி, டேப் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்களையும் நினைவில் வையுங்கள். பெப் 545-இன் வழியில் ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம், பிரேசில் போர்த்துகீசியம், சீனம் எனப் பல மொழிகளில் ஆவணம் வருகிறது. அங்கே ஒரு பத்திதான் ஓர் அலகு. மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, சரிபார்க்கும் வரை ஆங்கிலமே காட்டப்படும். வெறும் வரிமடிப்பு இதைப் பாதிக்காது. நல்ல காரணமுள்ள காற்புள்ளிக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். ரசனைக்காக ஐம்பது பத்திகளில் கொடுக்கக்கூடாது.

டாக்ஸ்ட்ரிங்கையும் திருத்த வேண்டுமா?

'ஹெல்ப்' கட்டளையில் தெரிவது டாக்ஸ்ட்ரிங், அதாவது நிரலுக்குள்ளேயே எழுதிய விளக்கம். தளத்தில் தெரிவது 'டாக்' கோப்புறை. இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டவை, ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. இரண்டிலும் அதே தவறு இருந்தால் ஒரே புல் ரிக்வெஸ்டில் திருத்துங்கள். சி-யில் எழுதப்பட்ட ஃபங்ஷன் என்றால் டாக்ஸ்ட்ரிங் ஆர்க்யுமென்ட் கிளினிக் (சி நிரலின் ஒரு பகுதியைத் தானே உருவாக்கும் கருவி) பகுதியில் இருக்கலாம். அங்கே திருத்திவிட்டு 'மேக் கிளினிக்' ஓட்ட வேண்டும். உருவாக்கப்பட்ட கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும்.

எந்தக் கிளைக்கு அனுப்புவது? அனுப்பிய பின்?

எப்போதும் மெயின். பழைய பதிப்புகளுக்கும் பொருந்தும் திருத்தமென்றால் பராமரிப்பவர் பேக்போர்ட் (பழைய கிளைக்கும் கொண்டுபோவது) லேபிள் ஒட்டுவார். ஒரு தானியங்கி அந்தக் கிளைகளுக்குப் புல் ரிக்வெஸ்ட் உருவாக்கும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் பழைய கிளைகளுக்கு ஆவணத் திருத்தம் வழக்கமாகப் போவதில்லை.

முதல்முறை அனுப்புபவர் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; இணைப்பைத் தானியங்கியே தரும். சிறிது நேரத்தில் ரீட் த டாக்ஸில் உங்கள் திருத்தத்தோடு கட்டிய முன்னோட்டம் கிடைக்கும். கருத்து வந்த பிறகு பழைய கமிட்டை (சேமித்த மாற்றம்) மாற்றி ஃபோர்ஸ் புஷ் (முன்பு அனுப்பியதன்மேல் எழுதுவது) செய்யாமல் புதிய கமிட்டாகச் சேருங்கள். கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சுருக்கப்பட்டே சேரும்.

சேர்த்துவிட்டார்கள், தளத்தில் இன்னும் பழையதே தெரிகிறதே?

எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்று பக்கத்தின் உச்சியில் உள்ள பதிப்புப் பெட்டியில் பாருங்கள். பதிப்பைக் குறிப்பிடாமல் போனால் கிடைப்பது கடைசியாக வெளிவந்த நிலையான பதிப்பு, மெயின் அல்ல. மெயினின் ஆவணம் வளர்ச்சிப் பதிப்பு என்ற பெயரில் தனியே இருக்கிறது. அங்கே தெரிந்து இங்கே தெரியாவிட்டால் பேக்போர்ட் புல் ரிக்வெஸ்ட் இன்னும் திறந்தே இருக்கலாம், அல்லது மோதல் வந்து தானியங்கி கைவிட்டிருக்கலாம். மோதலென்றால் உங்கள் புல் ரிக்வெஸ்டின் கீழே தானியங்கி அதைச் செய்தியாக எழுதியிருக்கும், கையால் செய்வதற்கான 'செர்ரி பிக்கர்' கட்டளையோடு. அதை நீங்களே ஓட்டி அனுப்பலாம். எல்லாக் கிளையிலும் சேர்ந்தாகிவிட்டதென்றால் தளத்தின் அடுத்த தானியங்கிக் கட்டுமானம் வரை காத்திருங்கள்.